நாற்பது பங்குகளும் ஓர் எஞ்சினும்



ஒருவர் மறைந்த பிறகு அவர் விட்டுச்சென்றவற்றைப் பங்கிடும்போது நிலமும் வீடும் நகையும் எல்லோருடைய நினைவுக்கும் வருகின்றன. கைக்கடிகாரம், தையல் இயந்திரம், மரப்பெட்டி, மோட்டார் சைக்கிள் போன்றவை நினைவுக்கு வருவதில்லை. அவற்றை யார் பயன்படுத்தி வந்தாரோ அவரிடமே அவை தங்கிவிடுகின்றன. பெரும்பாலும் அவர் ஓர் ஆணாகவே இருக்கிறார். யாரும் அபகரித்ததாகச் சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சூரா அந்நிஸாவின் ஏழாம் வசனம், விட்டுச்சென்றது சிறிதோ பெரிதோ அதில் ஆண்களைப் போலவே பெண்களுக்கும் பங்கு உண்டு என்பதைத் தெளிவாக நிலைநாட்டுகிறது. பெரியதில் அதைக் கடைப்பிடிப்பவர்களும் சிறியதில் மறந்துவிடுகிறோம்.

எங்கள் வாப்பா விட்டுச்சென்ற சிறிய பொருள்களுள் ஒன்று யமஹா ஆர்.எக்ஸ்.100. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து யமஹா இந்த வண்டியை 1985ஆம் ஆண்டு இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. 1996ஆம் ஆண்டுடன் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. 98 சி.சி. திறனுள்ள, காற்றினால் குளிரும், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். வாப்பா அதனை 1991இல் புதிதாக வாங்கினார்கள். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்துக்கும் ஏர்வாடிக்கும் அதிலேயே போய் வந்தார்கள். லாத்தாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் அதில்தான். வாப்பாவின் கடைசி இரண்டு ஆண்டுகளில் வண்டி லாத்தாவின் வீட்டுப் பின்முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. நான் எப்போதாவது உதைத்து இயக்கிப் பார்ப்பேன். எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து கட்கட் என்ற ஓசையும், வேகம் கூடும்போது ஒரு முனகலும் கேட்கும்.

கடன்களைத் தீர்த்த பிறகு எஞ்சியவற்றைப் பட்டியலிட்டபோது நான் இந்த வண்டியையும் எழுதினேன். உறவினர் ஒருவர் சிரித்தார். "பைக்கையுமா பங்கு வைப்பாங்க? நீதானே ஓட்டுறே, வச்சுக்கோ" என்றார். இன்னொருவர், "அவளுக்குத்தான் வீட்டையே கொடுத்தாச்சே" என்றார். எங்கள் கடற்கரை ஊர்களில் மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுக்கும் வழக்கம் உண்டென்பதை வாசகர்கள் அறிவார்கள். அது தந்தை உயிரோடிருக்கையில் கொடுத்த அன்பளிப்பு. மரணத்துக்குப் பின் எழும் உரிமை வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் கழித்துவிட முடியாது.

எனக்கு ஒரு காக்கா, ஒரு லாத்தா. காக்கா துபாயில் இருக்கிறார். வாப்பாவின் பெற்றோர் முன்னரே மறைந்துவிட்டவர்கள். ஆகவே உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. மீதமுள்ள எட்டில் ஏழு பங்கு, மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஐந்து கூறாக வேண்டும். மொத்தத்தை நாற்பது பங்குகளாக வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகும்: உம்மாவுக்கு 5, லாத்தாவுக்கு 7, காக்காவுக்கும் எனக்கும் தலா 14. நான் பள்ளியில் கணிதம் கற்பிப்பவன். இந்த எண்கள் எனக்கு இனித்தன. ஆனால் அந்த எண்களுக்கு நேரான பொருள், இருபத்தாறு பங்கு பிறருடையதாயிருக்கும் ஓர் எஞ்சின் என்பதை உணர்ந்தபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. அதனைத் திறப்பதற்குக்கூட மூவரிடம் அனுமதி பெற வேண்டும்.

வண்டியை அப்படியே விற்றால் பாதி விலைதான் கிடைக்கும் என்று பழைய வண்டிகள் வாங்குகிறவர் சொன்னார். எஞ்சின் சரியானால் விலை ஏறும். 'ஃபுல் எஞ்சின்' வேலைக்குப் பட்டறையில் விட வேண்டும். இந்த வண்டியின் அசல் பாகங்களுக்கு இன்று நல்ல விலை இருப்பதால் அவை மாறிப்போகும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. உம்மாவும் காக்காவும் சம்மதித்தார்கள். லாத்தா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்: "திறக்கிறதா இருந்தா இந்த முத்தத்துலயே திற. என் கண்ணு முன்னாலே." அந்த ஒரு சொல்லால் வேலை வீட்டுக்கு வந்தது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வாப்பா இருந்த காலத்திலேயே இந்த வண்டியைப் பார்த்தவர். இப்போது அவருக்குக் கை நடுக்கம், ஸ்பேனர் நிற்காது. நான் அவரை அண்ணன் என்றே அழைப்பேன். "அண்ணே, நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்" என்றேன். "கை உன்னது, கண்ணு என்னது. சரியாப் போச்சு தம்பி" என்றார். ஒரு நாற்காலியைப் போட்டு அவரை அமர வைத்தோம்.

வீட்டில் இந்த வேலையைத் தொடங்க எண்ணும் சகோதரர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவது 'ஹாஃப் எஞ்சின்'. அதற்குக் கிராங்க்கேஸைத் தொட வேண்டியதில்லை. கிராங்க், அதன் பேரிங்குகள், கியர்கள் இவற்றில் ஏதேனும் கெட்டால்தான் கிராங்க்கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆகவே பிரிப்பதற்கு முன் காரணத்தை உறுதிசெய்து கொள்ள வேண்டும். சிலிண்டரை இறக்கிய பிறகு அண்ணன் கனெக்டிங் ராடைக் காட்டினார். அது பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. மேலும் கீழுமாக இழுக்கும்போது அசைவு இருக்கக் கூடாது. எங்களுடையதில் இருந்தது. கட்கட் ஓசைக்கு விடை கிடைத்துவிட்டது.

பிஸ்டனைக் கழற்றும் முன் கிராங்க்கேஸின் வாயில் சுத்தமான துணியைத் திணிக்கச் சொன்னார். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சிறு கம்பி வளையம் துள்ளி உள்ளே விழுந்தால், ஒரு சிறு பொருளைத் தேடுவதற்காகவே எஞ்சின் முழுவதையும் பிரிக்க நேரும்.

பிறகு ஒவ்வொன்றாக வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கிச் சென்றோம். கியர் ஆயிலை வடித்தோம். சைலன்சர், கார்புரேட்டர், ஆயில் பம்ப், செயின் ஆகியவற்றை விடுவித்து எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கினோம். மேக்னெட்டை அதற்கென்றே உள்ள புல்லரால் இழுத்தோம். அதனைச் சுத்தியால் அடித்துக் கழற்றினால் கிராங்க் தண்டு வளைந்துவிடும். தண்டிலிருந்த அரைவட்டச் சாவித்துண்டை ஒரு காகிதத்தில் மடித்து வைத்தோம். மறுபுறம் கிளச் பிளேட்டுகள், கிளச் கூடை, முதன்மைப் பற்சக்கரம், கிக்கர் தண்டு, கியர் மாற்றும் தண்டு ஆகியவை வந்தன.

லாத்தா ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து அதில் கிராங்க்கேஸின் வடிவத்தைப் பென்சிலால் வரைந்தார். கிராங்க்கேஸ் திருகாணிகள் ஒரே நீளமுடையவை அல்ல. நீளமானதைக் குட்டையான துளையில் செலுத்தினால் அலுமினியம் வெடிக்கலாம். குட்டையானதை நீளமான துளையில் செலுத்தினால் மரை பிடிக்காது. ஒவ்வொரு திருகாணியையும் எடுத்தவுடன் அட்டையில் அதற்குரிய இடத்தில் குத்தி வைத்தார். இந்த எளிய முறையைப் போல் பயனுள்ள கருவி வேறில்லை.

திருகாணிகள் எளிதில் வரவில்லை. கடற்காற்றில் முப்பது ஆண்டுகள் கழித்த வண்டி அது. உப்பு ஈரத்தில் எஃகுத் திருகாணியும் அலுமினிய உடலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அன்றியும் ஜப்பானிய வண்டிகளின் நட்சத்திரத் தலைத் திருகாணிகளுக்கு ஜப்பானிய அளவுமுறையே வேறு. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்குரூடிரைவர் அவற்றில் முழுமையாகப் பதியாது. திருப்பும்போது வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். அந்த அளவுக்குப் பொருந்தும் முனையைத் தேடி வாங்கி, இம்பாக்ட் ஸ்குரூடிரைவரில் மாட்டிச் சுத்தியால் ஓங்கினேன். அடி விழும் அந்தக் கணத்திலேயே முனை அழுத்தமாகப் பதிந்து ஒரு சுற்றின் சிறு பகுதி திரும்பும். ஒன்று மட்டும் அசையவில்லை. துருநீக்கி எண்ணெயை விட்டுவிட்டு அஸருக்குப் போய் வந்தோம். திரும்பி வந்து அடித்தபோது அது இளகியது.

இனிதான் பிரிக்கும் கட்டம். அண்ணன் என் கையிலிருந்த தட்டை ஸ்குரூடிரைவரை வாங்கித் தம் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். "இது இனிமே உனக்கு வேண்டாம்" என்றார்.

காரணத்தை அவர் விளக்கினார். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க்கேஸ் வெறும் உறை அன்று. அதுவும் ஒரு பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை ரீடு வால்வு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது அதே கலவை அங்கே அழுத்தப்பட்டுச் சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. ஆகவே இரு பாதிகளும் சேரும் முகப்பு காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். இடுக்கில் ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பினால் மென்மையான அலுமினியத்தில் தழும்பு விழும். அந்தத் தழும்பின் வழியே காற்று நுழையும். கலவையில் பெட்ரோல் குறையும், வெப்பம் ஏறும், ஒருநாள் சாலை நடுவே பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது கிராங்க்கேஸில்தான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் அதுவே. பிஸ்டன் போனால் வேறொன்று வாங்கலாம். கிராங்க்கேஸ் உடைந்து வேறொன்றைப் பொருத்தினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதற்கு முறைப்படி ஒப்புதல் பெற வேண்டும். அசல் எஞ்சின் என்ற மதிப்பும் போய்விடும். ஒரு தழும்பில் மூன்று பேருடைய இருபத்தாறு பங்கும் தேய்ந்துவிடும். நான் அந்த அலுமினிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். அமானிதம் என்ற சொல்லை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறேன். அன்று அது விரல்நுனியில் இருந்தது.

பிரிப்பானைப் பொருத்தினோம். அது ஓர் எஃகுத் தகடு. கிராங்க்கேஸில் உள்ள மரைத் துளைகளில் அதன் போல்ட்டுகளை முடுக்க வேண்டும். நடுவிலுள்ள போல்ட் கிராங்க் தண்டின் முனையை அழுத்தும். கால் சுற்று திருப்பி, நைலான் சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டி, மீண்டும் கால் சுற்று. இரு பாதிகளும் எல்லாப் பக்கமும் சமமாக விலக வேண்டும் என்பதே விதி. முன்புறம் ஒரு நூலளவு திறந்தது. பின்புறம் திறக்கவில்லை.

"நிறுத்து" என்றார் அண்ணன். "எல்லா ஸ்குரூவும் வந்திருச்சா, எண்ணு."

லாத்தா அட்டையை எடுத்து எண்ணினார். எந்த இடமும் காலியாக இல்லை. அப்படியானால் பின்புறத்தில் இரு பாதிகளையும் நேர்ப்படுத்தும் டவல் பின் துருவால் பிடித்திருக்க வேண்டும். பிரிப்பானைத் தளர்த்திப் பாதிகளை மீண்டும் இணையாக அமர்த்தினோம். பின்னைச் சுற்றித் துருநீக்கி எண்ணெயை விட்டோம். லாத்தா தேநீர் கொண்டுவந்தார். அண்ணன் அவசரப்படவே இல்லை. அரை மணி கழித்து, பின்னுக்கு அருகே மட்டும் தட்டச் சொன்னார். இரு பக்கமும் மாறி மாறித் தட்டிக் கால் சுற்று திருப்பினேன். இறுகிய பிஸ்கட் டப்பாவின் மூடி விடுபடும் ஓசையுடன் கிராங்க்கேஸ் முழுவட்டமாகத் திறந்தது.

உள்ளே எல்லாம் நான் அஞ்சியதைவிடச் சுத்தமாக இருந்தன. கியர்கள் தங்கள் தண்டுகளோடு ஒரு பாதியிலேயே அசையாமல் நின்றன. பற்கள் நன்றாக இருந்ததால் அவற்றைக் கலைக்கவில்லை. கிராங்க் பேரிங்கைக் கழுவி விரலால் சுழற்றியபோது மணலில் உருள்வதுபோல் நெருடியது. முனகலுக்கும் விடை கிடைத்தது. லாத்தா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வாப்பா எவ்வளவு பத்திரமா வச்சிருந்திருக்காங்க" என்றார். பிறகு, "இதுல எனக்கும் பங்கு இருக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டா அல்பத்தனம்னு நினைப்பாங்கன்னு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நம் வீடுகளில் எத்தனை பெண்கள் இந்த ஓர் அச்சத்தால் வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கிராங்க் இரு சக்கரத் துண்டுகளும் நடுவே ஒரு பின்னும் அழுத்திப் பொருத்தப்பட்டது. அதனைப் பிரித்துப் புதிய ராடு பொருத்த ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். பிறகு இரு முனைகளும் ஒரே நேர்க்கோட்டில், ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குகளுக்குள் சுழலுமாறு டயல் கேஜ் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதற்காகக் கிராங்கை ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுசென்று வேலை முடியும் வரை அங்கேயே அமர்ந்திருந்தேன்.

பூட்டும் வேலையில் சமையலறையும் பங்கு கொண்டது. புதிய பேரிங்குகளை உறையில் சுற்றி இரவு முழுவதும் ஃபிரீசரில், உம்மாவின் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். கழுவி உலர்த்திய கிராங்க்கேஸை, பெட்ரோல் வாடை சிறிதும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, பழைய தோசைக்கல்லின் மேல் வைத்துச் சூடாக்கினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் சுரீரென்று ஆவியானால் போதிய சூடு. உலோகம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். முந்திய நாள் அடித்தும் அசையாத இடத்தில் புதிய பேரிங் தானாகவே இறங்கி அமர்ந்தது.

ஆயில் சீல்கள் அனைத்தையும் மாற்றினோம். கிராங்க் சீல் கெட்டால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகத் தள்ளும். எஞ்சின் திறந்திருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. சேரும் முகப்புகளைத் துடைத்து மெல்லிய படலமாக மட்டும் சீலண்ட் தடவினோம். மிகுதியானால் உள்ளே பிதுங்கி வழிகளை அடைக்கும். அட்டையிலிருந்த வரிசைப்படி திருகாணிகளைக் குறுக்குமறுக்காக, மூன்று சுற்றுகளில் சிறிது சிறிதாக முடுக்கினோம். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் கிராங்க் தண்டையும் கியர் தண்டையும் கையால் சுழற்றிப் பார்த்தோம். எங்கேனும் இறுகினால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வண்டியை உதைத்தேன். நான்காவது உதையில் உயிர் வந்தது. முற்றம் முழுவதும் வெண்புகை. பூட்டும்போது தடவிய எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் அது அடங்கியது. அண்ணன் ஒரு நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். தலையை அசைத்தார். கூலி கொடுக்க முயன்றபோது முதலில் மறுத்தார். இது செலவுக் கணக்கில் எழுதிய தொகை, நால்வரும் ஒப்புக்கொண்டது என்று லாத்தா சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

கணக்கு லாத்தாவின் குறிப்பேட்டில் இருந்தது. ராடு, பேரிங்குகள், சீல்கள், லேத் கூலி, அண்ணனின் கூலி, சில்லறை எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய். என் உழைப்புக்கு நான் கூலி எழுதவில்லை. முன்பு விலை சொன்னவரையே மீண்டும் அழைத்துக் கேட்டோம். 88,000 ரூபாய் என்றார். செலவு போக 80,000. நாற்பது பங்குகள், பங்குக்கு 2,000 ரூபாய். அந்த விலைக்கே வண்டியை நான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். எல்லோரும் சம்மதித்தார்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31ஐ நிரப்பி, மற்ற வாரிசுகளின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கினேன்.

காக்காவுக்கு 28,000 ரூபாயை அனுப்பினேன். "என் பங்கை நீயே வச்சுக்கோ" என்று அவர் முதலில் சொன்னார். "முதல்ல கையில வாங்குங்க காக்கா, அப்புறம் உங்க விருப்பம்" என்றேன். விட்டுக்கொடுத்தல் நல்லதுதான். ஆனால் கையில் வராத பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்வது கேட்பதன் இன்னொரு வடிவம். பெண்களிடம் நாம் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம்: கொடுக்கும் முன்பே, "நீ விட்டுக்கொடுத்துவிட்டாய் அல்லவா" என்கிறோம். கொடுத்த பிறகு அவர் மனமுவந்து தருவாரானால் அது அவருடைய பெருந்தன்மை. கொடுக்கும் முன் பெறுவது நம்முடைய வசதி.

லாத்தாவின் கையில் 14,000 ரூபாயை வைத்தேன். அவர் எண்ணிப் பார்த்தே வாங்கிக்கொண்டார்; எனக்கு அது மகிழ்ச்சியாக இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்தில் அதைச் சேர்ப்பதாகச் சொன்னார். உம்மாவுக்கு 10,000 ரூபாய். கணவரின் வண்டியிலிருந்து தமக்குப் பணம் வரும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை. முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அதை என்ன செய்யப் போகிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அது அவர்களுடைய பணம்.